எதிராளியைப் பிடித்து வருவது யார்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் குத்துச்சண்டை பற்றிய ஒரு கேள்விக்கு நாலு வரியில் பதில் எழுதினேன். போகிற போக்கில் “நானும் அந்தத் தொழிலில் மேட்ச்மேக்கராக இருந்தவன்தான்” என்று சேர்த்தது வினையாகிவிட்டது. வந்த கடிதங்களில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும்.

கேள்வி: ஒரு இளம் வீரருக்கு 14 சண்டை, 14 வெற்றி, அதில் 12 நாக்அவுட் என்று போஸ்டர் போடுகிறார்கள். எதிராளிகளைத் தேடிப் பார்த்தால் எல்லாரும் வரிசையாகத் தோற்றவர்கள். இது செட்டப் இல்லாமல் வேறென்ன?

பதில்: செட்டப் என்றால் முடிவை முன்கூட்டியே பேசி வைப்பது. அது குற்றம். நீங்கள் பார்த்தது அதுவல்ல. இங்கே முடிவை யாரும் பேசுவதில்லை, முடிவு எப்படி வரும் என்று கணித்து ஆளைப் பிடித்து வருகிறார்கள். டென்னிஸில் குலுக்கல் இருக்கிறது, கால்பந்தில் அட்டவணை இருக்கிறது. தொழில்முறைக் குத்துச்சண்டையின் ஆரம்பக் கட்டத்தில் இரண்டும் கிடையாது. யார் யாரோடு மோதுவது என்பதை ஒரு ஆள் நோட்டும் போனுமாக உட்கார்ந்து முடிவு செய்கிறார். அவர்தான் மேட்ச்மேக்கர்.

ஆகவே எதிராளி எத்தனை முறை தோற்றார் என்று எண்ணுவதால் பெரிய பயன் இல்லை. அவரிடம் பையன் என்ன கற்றான் என்று பாருங்கள். முதல் மூன்று நான்கு சண்டைகள் நாலு ரவுண்டு. எதிரே வருபவர் ஓடாமல் நிற்க வேண்டும், ஆனால் ஒரே குத்தில் கதையை முடிப்பவராக இருக்கக் கூடாது. அப்புறம், இதுவரை யாராலும் வீழ்த்த முடியாத ஒருவர். தன் பலமான குத்தை வாங்கிக்கொண்டும் ஒரு மனிதன் முன்னால் நடந்து வந்தால் என்ன செய்வது என்பது பையனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்புறம் ஒரு இடக்கைக்காரர், தன்னைவிட உயரமான ஒருவர், விலாவைக் குறிவைப்பவர் ஒருவர். ஆறு, எட்டு என்று ரவுண்டுகள் நீளும்போது, ஒரு காலத்தில் பெயர் எடுத்து இப்போது கால் ஓய்ந்துபோன பழைய ஆள் ஒருவர். அவர் கட்டிப்பிடிப்பார், தோளால் நெம்புவார், நடுவர் பார்க்காத பக்கமாகத் தலையை வைத்து இடிப்பார். ஜிம்மில் இதையெல்லாம் முழுசாகச் சொல்லிக் கொடுக்க முடியாது.

உங்கள் 14-இல் எனக்கு உறுத்துவது அந்த 12 நாக்அவுட்தான். நாக்அவுட்டுக்கு இரண்டு ரவுண்டு, மீதி இரண்டு சண்டையும் முழுசாக என்று வைத்தாலும் பையன் மொத்தமாக முப்பது சொச்சம் ரவுண்டுதான் ஆடியிருப்பான். நாலாவது ரவுண்டில் மூச்சு வாங்கினால் எப்படி ஓய்வெடுத்துக்கொண்டே சண்டை போடுவது என்பது அவனுக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

இதற்குப் பெரிய உதாரணம் ஜெர்ரி கூனி. ஹெவிவெயிட், ஆறரை அடி உயரம், இடது கையில் பயங்கரமான அடி. 1980 மே மாதம் ஜிம்மி யங்கை நாலு ரவுண்டில் நிறுத்தினார். அதே அக்டோபரில் ரான் லைல், ஒரே ரவுண்டு. 1981 மே மாதம் கென் நார்டன், 54 விநாடி. மூவருமே முகமது அலியோடு மோதியவர்கள், பெரிய பெயர்கள். ஆனால் மூவரும் அப்போது இறங்குமுகத்தில் இருந்தார்கள். போஸ்டருக்கு அருமையான வரிசை. பையனின் கல்விக்கு? மூன்று சண்டையும் சேர்த்து ஆறு ரவுண்டுகூட முழுசாக இல்லை. அப்புறம் பதின்மூன்று மாதம் சண்டையே போடாமல், 1982 ஜூனில் நேராக லாரி ஹோம்ஸுடன் உலகப் பட்டத்துக்கு இறக்கினார்கள். அந்தக் காலத்தில் பட்டச் சண்டை 15 ரவுண்டு. கூனி அதுவரை எட்டு ரவுண்டைத் தாண்டியதே இல்லை. இரண்டாம் ரவுண்டில் கீழே விழுந்தார், எழுந்தார், மனிதன் தைரியமாகத்தான் நின்றார். பதின்மூன்றாம் ரவுண்டில் அவருடைய பயிற்சியாளரே உள்ளே புகுந்து நிறுத்த வேண்டியதாயிற்று. கூனிக்குத் திறமை இல்லை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். அவரை 25-0 என்ற எண்ணிக்கையோடு அனுப்பியவர்கள், ஒன்பதாம் ரவுண்டு எப்படி இருக்கும் என்று அவருக்கு ஒரு தடவைகூடக் காட்டவில்லை.

கேள்வி: மைக் டைசனையும் அப்படித்தானே வளர்த்தார்கள்?

பதில்: இல்லை. 1985 மார்ச்சில் தொழில்முறைக்கு வந்து அந்த ஒரே வருடத்தில் 15 சண்டை. எதிராளிகள் சாதாரணமானவர்கள்தான், எல்லாமே நாக்அவுட்தான். ஆனால் சும்மா உட்கார வைக்கவில்லை. 1986 மே மாதத்தில் ஜேம்ஸ் டில்லிஸ், மிட்ச் கிரீன் இரண்டு பேரும் அவரைப் பத்துப் பத்து ரவுண்டு முழுசாக ஆட வைத்தார்கள். நவம்பரில் பட்டம். இடையில் அந்த இருபது ரவுண்டு கிடைத்ததே, அதுதான் கூனிக்குக் கிடைக்காதது.

கேள்வி: நூற்றுக்கணக்கில் தோற்ற ஒருவருக்கு எப்படி லைசென்ஸ் தருகிறார்கள்? அடி வாங்குவதற்கென்றே ஒரு மனிதனைக் கொண்டுவருவது பாவமில்லையா?

பதில்: பிரிட்டனில் பீட்டர் பக்லி என்று ஒருவர். 2008-இல் ஓய்வு பெறும்போது 300 சண்டை: 32 வெற்றி, 256 தோல்வி, 12 சமன். கடைசிச் சண்டையில் ஜெயித்துவிட்டுப் போனார். இப்படிப்பட்டவர்களை ஜர்னிமேன் என்பார்கள்.

256 முறை தோற்றவர் 256 முறை உதை வாங்கியவர் என்று நினைத்தால் இந்தத் தொழில் உங்களுக்குப் பிடிபடாது. நல்ல ஜர்னிமேன் அடி வாங்காமல் தோற்பவர். நாக்அவுட் ஆனால் மருத்துவத் தடை விழும், அடுத்த பல வாரம் சம்பளம் கிடையாது. ஆகவே தாடையை மறைப்பது, சரியான நேரத்தில் கட்டிப்பிடிப்பது, கயிற்றோரம் சாய்ந்து முழங்கையில் வாங்குவது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. சின்ன அரங்குகளில் டிக்கெட் விற்பது உள்ளூர்ப் பையனின் நண்பர்களும் உறவினர்களும்தான். பல நேரம் எதிராளியின் சம்பளமே அந்த டிக்கெட் பணத்திலிருந்துதான் போகிறது. அந்தப் பையனை வீழ்த்திவிட்டால் அடுத்த வாரம் போன் வராது என்பது ஜர்னிமேனுக்குத் தெரியும். யாரும் அவரிடம் “தோற்றுப் போ” என்று சொல்வதில்லை, சொல்லவும் தேவையில்லை. இது அழகான விஷயம் என்று நான் வாதாடப் போவதில்லை.

ஆனால் பக்லி மாதிரி ஆட்கள் இல்லாமல் பெரிய வீரர்கள் உருவாவதில்லை. நசீம் ஹமீத் உலகச் சாம்பியன் ஆவதற்கு முன்னால், 1992-இல், பக்லி அவரோடு ஆறு ரவுண்டும் நின்றார். 1994-இல் மறுபடி மோதியபோது ஹமீத் நாலாவது ரவுண்டில் முடித்தார். அந்த இரண்டு சண்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பையன் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்று அளந்துவிடலாம். நான் ஜர்னிமேன்களிடம் சண்டை முடிந்ததும் உடை மாற்றும் அறைக்குப் போய், “பையன் எப்படி?” என்று கேட்பேன். “கை வேகம், ஆனால் அடித்துவிட்டுத் தலையை அங்கேயே வைத்திருக்கிறான்” என்பார்கள். எந்தப் பயிற்சியாளரும் தன் பையனைப் பற்றி என்னிடம் அவ்வளவு நேர்மையாகச் சொன்னதில்லை.

பாவம் எங்கே தொடங்குகிறதென்றால், இந்த வித்தை தெரியாத ஒருவரை, நாலு தடவை தொடர்ந்து நாக்அவுட் ஆனவரை, எடை சரியாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகக் கொண்டுவந்து நிறுத்தும்போது. அதைச் செய்கிற மேட்ச்மேக்கர்கள் இருக்கிறார்கள். சண்டைக்கு அனுமதி தரும் குத்துச்சண்டைக் கமிஷன் தடுக்க வேண்டும், சில இடங்களில் தடுப்பதில்லை.

கேள்வி: எதிராளியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்? கம்ப்யூட்டரில் ரெகார்டைப் பார்த்தா?

பதில்: வீரர்களின் ரெகார்டைத் தொகுத்து வைத்திருக்கும் பாக்ஸ்ரெக் தளத்தில் ஆரம்பிப்போம், அங்கேயே நின்றுவிட மாட்டோம். ஒருவருக்கு 6 வெற்றி, 10 தோல்வி என்று இருந்தால் நான் முதலில் தோல்விகளைத்தான் படிப்பேன். யாரிடம் தோற்றார்? புள்ளியிலா, நாக்அவுட்டா? எதிராளியின் ஊரிலா? புள்ளியில் பத்து முறை, அதுவும் வெளியூரில் தோற்றவர் என்றால் ஜாக்கிரதை, அவருக்குச் சண்டை தெரியும். பழக்கமான எடை எது, இப்போது எந்த எடையில் கூப்பிடுகிறோம் என்பது அடுத்தது. அப்புறம் வீடியோ. கடைசியாக போன்: அவரோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்தவர்கள், அவர் ஜிம்முக்கு ஒழுங்காக வருகிறாரா, வேறு வேலைக்குப் போகிறாரா, சமீபத்தில் காயம் உண்டா. ரெகார்டில் வராத செய்தி எல்லாம் இந்தப் போனில்தான் வரும்.

ஒரு சமயம் எங்களிடம் உயரமான ஒரு பையன் இருந்தான். ஜாப் (முன்கையை நீட்டி அடிக்கும் குத்து) அடித்தே எல்லாரையும் தூரத்தில் நிறுத்திவிடுவான். கைதட்டல் பிரமாதமாக விழும். எனக்கு மட்டும் அவன் கிட்டத்தில் என்ன செய்வான் என்று தெரியவேண்டியிருந்தது. குட்டையான, தோல்விகளே அதிகமுள்ள, ஆனால் உடம்பில் அடிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டுவந்தேன். மூன்றாவது ரவுண்டில் பையனின் முழங்கைகள் கீழே இறங்கின, முகம் வெளுத்தது. எப்படியோ புள்ளியில் ஜெயித்தான். நடைபாதையில் அவன் பயிற்சியாளர் என்னைப் பிடித்துக்கொண்டு, “நீ யாருக்கு வேலை பார்க்கிறாய், எங்களுக்கா அவனுக்கா?” என்று கத்தினார். கொஞ்ச நாள் பேசவேயில்லை. ஆனால் அடுத்த முறை ஜிம்முக்குப் போனபோது, பையன் சுவரோரமாக முதுகை வைத்து நின்றுகொண்டு, இரண்டு பேர் மாறி மாறி விலாவில் அடிக்க, முழங்கையால் தடுத்துப் பழகிக்கொண்டிருந்தான். பயிற்சியாளர் என்னைப் பார்க்காத மாதிரி இருந்தார்.

இவ்வளவு யோசித்துப் பொருத்தியும், ரத்தப் பரிசோதனை, விசா, புருவத்தில் ஒரு வெட்டு என்று ஏதாவது ஒன்று வந்து கடைசி நாளில் எல்லாம் கலைந்துவிடும். மாற்று ஆள் தேடுவதில்தான் ஆபத்து. 2019-இல் ஹெவிவெயிட் சாம்பியன் ஆந்தனி ஜோஷுவாவுக்கு ஜாரெல் மில்லர் என்ற கனத்த ஆளைப் பொருத்தியிருந்தார்கள். அவர் ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினார். பதிலுக்கு வந்தவர் ஆண்டி ரூயிஸ்: ஜோஷுவாவைவிடக் குட்டை, பார்வைக்குத் தொந்தி, ஆனால் கை வேகமோ வேகம். முன்பு ஒரே ஒரு தோல்வி. தயாரானது ஒருவருக்கு, மோதியது முற்றிலும் வேறொருவரோடு. ஜோஷுவா நாலு முறை விழுந்தார், ஏழாவது ரவுண்டில் முடிந்தது. தொந்தியைப் பார்த்து ஆளை எடை போட்டவர்களுக்கு அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்காது.

இந்த வேலைக்கு வெளியே பெயர் கிடைப்பதில்லை. உள்ளே உண்டு. நியூயார்க் மாநிலம் கானஸ்டோட்டாவில் உள்ள சர்வதேசக் குத்துச்சண்டைப் புகழ் மண்டபத்தில் (ஹால் ஆஃப் ஃபேம்) மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கின் மேட்ச்மேக்கர் டெடி பிரெனருக்கு இடம் இருக்கிறது. சண்டைகள் நடத்தும் டாப் ரேங்க் நிறுவனத்தின் புரூஸ் டிராம்ப்ளருக்கு 2010-இல் கிடைத்தது. ஆஸ்கர் டி லா ஹோயா, ஃபிளாய்ட் மேவெதர் இருவரின் ஆரம்பச் சண்டைகளையும் பொருத்தியவர் அவர். மேவெதர் 1996 அக்டோபரில் தொழில்முறைக்கு வந்தார், 1998 அக்டோபரில் தன் 18-ஆவது சண்டையில் ஹெனாரோ எர்னாண்டஸை வென்று சாம்பியன் ஆனார். இடையில் இருக்கும் 17 பெயர்களை நேரம் கிடைத்தால் வரிசையாகப் படித்துப் பாருங்கள்.

கேள்வி: நவோயா இனோவே ஆறாவது சண்டையிலேயே உலகச் சாம்பியன். பிறகு எதற்கு இருபது சண்டை?

பதில்: ஆறு என்று எண்ணாதீர்கள், அந்த ஆறில் நாலாவதைப் பாருங்கள். 2013-இல் ஜப்பான் தேசியப் பட்டத்துக்காக ரியோய்ச்சி டகுச்சியோடு முழு பத்து ரவுண்டு. அந்த டகுச்சியே பின்னால் உலகச் சாம்பியன் ஆனவர். வேறு நாட்டில் மூன்றே சண்டை அனுபவம் உள்ள பையனுக்கு அப்படி ஓர் ஆளைக் கொண்டுவந்தால் மேட்ச்மேக்கரை வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள். ஜப்பானில் எடை குறைந்த பிரிவுகளில் நல்ல ஆட்கள் நிறைய, தேசியப் பட்டத்துக்கு உண்மையான மதிப்பு உண்டு. அதனால் படிகள் குறைவு, ஒவ்வொரு படியும் உயரம்.

எல்லாருக்கும் அது சரிப்படாது. வாசில் லோமசென்கோ அமெச்சூரில் 397 சண்டையில் ஒரே ஒரு தோல்வி, இரண்டு ஒலிம்பிக் தங்கம். 2014 மார்ச்சில், இரண்டாவது தொழில்முறைச் சண்டையிலேயே உலகப் பட்டம் கேட்டு ஒர்லாண்டோ சலீடோவோடு இறங்கினார். சலீடோவுக்கு அப்போதே 12 தோல்விகள். எடையைக்கூட ஒழுங்காகக் காட்டவில்லை, ரிங்குக்குள் நன்றாகக் கனத்து வந்தார். இடுப்புக்குக் கீழே அடித்தார், கட்டிப் பிடித்தார், நெருக்கினார். நடுவர் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. புள்ளியில் சலீடோ ஜெயித்தார். முதல் பதிலில் சொன்ன அந்தப் பழைய ஆளை லோமசென்கோ முதன்முதலாகச் சந்தித்ததே உலகப் பட்ட மேடையில்தான். அடுத்த சண்டையில் கேரி ரஸ்ஸலை வென்று பட்டம் வாங்கிவிட்டார், அது வேறு விஷயம். லோமசென்கோவுக்கு அந்தப் பாடம் ஒரே ராத்திரியில் ஏறியது. நம் பையன்களுக்கு அப்படி ஏறாது.

கேள்வி: பெண்களுக்கும் இதே கணக்குதானா?

பதில்: இல்லை, வேகம் அதிகம். கிளாரெஸ்ஸா ஷீல்ட்ஸ் நாலாவது சண்டையிலும், கேட்டி டெய்லர் ஏழாவதிலும் உலகப் பட்டம் வாங்கினார்கள். திறமை ஒரு காரணம். ஒவ்வொரு எடையிலும் ஆட்கள் குறைவு என்பது இன்னொன்று. படிப்படியாகப் பொருத்த ஆள் இருந்தால்தானே பொருத்துவது?

கேள்வி: ஒரு தோல்வி வந்தால் எல்லாம் முடிந்ததா?

பதில்: டிவிக்காரர்களும் போஸ்டர் அடிப்பவர்களும் அப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். சுகர் ரே ராபின்சன் 1943 பிப்ரவரி 5-ஆம் தேதி ஜேக் லமோட்டாவிடம் முதல் முறையாகத் தோற்றார். அதே மாதம் 26-ஆம் தேதி அதே லமோட்டாவை வென்றார். நடுவில் 19-ஆம் தேதி வேறொருவரோடு ஒரு சண்டை! பெர்னார்ட் ஹாப்கின்ஸ் முதல் சண்டையிலேயே தோற்றவர், பின்னால் மிடில்வெயிட் பட்டத்தை 20 முறை காத்தார்.

தோல்விக்குப் பிறகு யாரைப் பொருத்துகிறார்கள் என்பதில்தான் மேட்ச்மேக்கரின் கைத்திறன் தெரியும். 2008-இல் பிரிட்டன் வீரர் ஆமிர் கான் பிரெடிஸ் பிரெஸ்காட்டிடம் 54 விநாடியில் வீழ்ந்தார். (நார்டனுக்கும் அதே 54. இந்த எண்ணுக்கும் எனக்கும் ஆகாது.) பிரெஸ்காட் அப்போது 19 சண்டையில் 19 வெற்றி, 17 நாக்அவுட். கானின் தாடை சந்தேகத்துக்குரியது என்பது அதற்கு முன்பே பேச்சாக இருந்தது, எதற்காக அந்த ஆள் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பிறகு செய்தது நல்ல வேலை: பயிற்சிக்கு ஃபிரெட்டி ரோச், எதிராளியாக முதலில் ஒரு எளிய ஆள், அடுத்து வயதாகிப்போன மார்கோ அந்தோனியோ பரேரா, அடுத்து, ஒரே அடியில் வீழ்த்தும் வலு இல்லாத சாம்பியன் ஆந்திரி கோட்டெல்னிக். 2009 ஜூலையில் கானின் இடுப்பில் உலகப் பட்டம்.

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. அமெச்சூரில் பதக்கங்கள் வாங்கியிருக்கிறான். சண்டைகள் நடத்தும் ஒரு ப்ரமோட்டர் ஐந்து வருட ஒப்பந்தம் நீட்டுகிறார். எனக்கு இந்த உலகம் தெரியாது. என்ன கேட்க வேண்டும்?

பதில்: அம்மா, அவர் எவ்வளவு தருகிறார் என்பதைக் கடைசியில் கேளுங்கள். முதலில், வருடத்துக்குக் குறைந்தது எத்தனை சண்டை என்று எழுத்தில் இருக்கிறதா? ஆரம்பத்தில் வருடம் இரண்டே சண்டை என்றால் பையன் துருப்பிடித்துவிடுவான். ஐந்து, ஆறு இருந்தால் நல்லது. அந்த எண்ணிக்கையை அவர் கொடுக்காவிட்டால் ஒப்பந்தம் தானாக முறிய வேண்டும். காயம் பட்டு உட்கார்ந்தால் ஒப்பந்தக் காலம் நீளுமா, எவ்வளவு நீளும் என்றும் பாருங்கள். ஐந்து வருடம் சத்தமில்லாமல் ஏழாகும் இடம் அதுதான்.

எதிராளிக்குச் சம்மதம் சொல்வது யார்? அந்த உரிமை பையன் பக்கம், அதாவது பயிற்சியாளரிடமோ மேனேஜரிடமோ இருக்க வேண்டும். அந்த மேனேஜர் ப்ரமோட்டரின் ஆளாக இருந்தால் பிரயோஜனம் இல்லை. அமெரிக்காவில் 2000-இல் வந்த முகமது அலி குத்துச்சண்டைச் சீர்திருத்தச் சட்டம் ப்ரமோட்டரும் மேனேஜரும் பண விஷயத்தில் ஒன்றாக இருக்கக் கூடாது என்கிறது. ஆனால் அந்தத் தடை பத்து ரவுண்டும் அதற்கு மேலும் ஆடுகிறவர்களுக்குத்தான். நாலு ரவுண்டு ஆடுகிற பையனுக்கு, அதாவது உங்கள் மகனுக்கு, அங்கேகூட அந்த வேலி கிடையாது. மேனேஜருக்கு எத்தனை சதவீதம், பயிற்சியாளருக்கு எத்தனை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனைச் செலவு யார் தலையில், எல்லாம் கழித்து மகன் கைக்கு எவ்வளவு வரும் என்று ஒரு காகிதத்தில் அவரையே எழுதிக் காட்டச் சொல்லுங்கள். டிக்கெட் விற்றுக் கொடுக்க வேண்டுமா என்றும் கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள், அவர் ப்ரமோட்டர் சிபாரிசு செய்தவராக இருக்கக் கூடாது. அந்த ப்ரமோட்டரிடம் ஏற்கெனவே பத்துச் சண்டை முடித்த பையன்களின் ரெகார்டைப் பாக்ஸ்ரெக்கில் எடுத்து, மகனின் பயிற்சியாளரோடு உட்கார்ந்து படியுங்கள். ரவுண்டுகள் நீண்டிருக்கின்றனவா, எதிராளிகள் தரம் ஏறியிருக்கிறதா என்று அவர் சொல்லிவிடுவார். அந்தப் பையன்களில் தோற்றவன் ஒருவன் கட்டாயம் இருப்பான். அவனுக்கு அடுத்த சண்டை எத்தனை மாதம் கழித்துக் கிடைத்தது என்று தேதியைப் பாருங்கள். கிடைக்கவே இல்லை என்றால் அவன் வீட்டுக்கு ஒரு போன் போட்டுப் பேசிவிட்டு, அப்புறம் முடிவு செய்யுங்கள்.